மூன்றாவது சிவப்பு

அத்தியாயம் பதினான்கு

"அறுபத்தெட்டு வயசுல மனுஷனுக்கு இதெல்லாம் தேவையா?" என்று வெல்டரை இந்த வாரம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முட்டி டாக்டர் கேட்டார். பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். மூன்றாவதாகக் கேட்டது வெல்டரின் மச்சான். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே நாள் பார்க்கிற அந்த மனிதரை நான் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். வெல்டரின் கால் ஐம்பதுக்கு மேல்தான் ஆடவே தொடங்கியது. அதனால்தான் அதற்கு இன்னும் ஆசை அடங்கவில்லை போலிருக்கிறது.

போன வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். மாதக் கடைசியில் இடது முட்டியை எடுத்துவிட்டு உலோக முட்டி வைக்கப் போகிறார்கள் என்று சாப்பாட்டு மேசையில் வெல்டர் அறிவித்தார். கடைக்கு நடக்கலாம், போட்டிக்கு நடக்கக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு.

"வாழ்நாள் பூரா இரும்பை ஒட்ட வெச்சேன். இப்போ எனக்குள்ளேயே இரும்பை ஒட்டப் போறாங்க" என்று அவரே சொல்லி அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை போட்டியோட சரி. இதுவரைக்கும் ஒரு போட்டியிலகூட என்னை வெளியே அனுப்பினதில்ல. அந்தப் பேரோடயே முடிச்சுக்கிறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்று.

விடிந்தும் விடியாததுமாக டீச்சர் காபியோடு படுக்கையறைக்கு வந்தார். டீச்சர் என்றால் வெல்டரின் மனைவி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனாலும் ஊருக்கு டீச்சர், புருஷனுக்கும் டீச்சர். நடைப் போட்டி எங்கே நடந்தாலும் நடுவராக அவரைக் கூப்பிடுவார்கள்.

வெல்டர் தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டியிருந்தார். வலது கால் தரையோடு தரையாகப் படிந்திருந்தது. இடது முட்டிக்குக் கீழே மட்டும் ஒரு இடைவெளி. அவர் கையால் முட்டியை அழுத்தினார். இடைவெளி போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினார்.

வாசலில் நிழல் தெரிந்ததும் காலைச் சட்டென்று மடக்கிக்கொண்டார்.

"எவ்ளோ நேரமா நிக்கிறே?"

"இப்பதான் வந்தேன். காபி."

"கால் நல்லாத்தான் இருக்கு."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

கேட்கவில்லைதான். கேட்டால் பொய் சொல்வார், அந்தப் பொய்யைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று டீச்சர் பேசாமல் போய்விட்டார்.

அந்த இடைவெளிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று சொல்லிவிடுகிறேன். நடைப் போட்டிக்கு இரண்டே சட்டம். எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஓட்டம். முன்னால் வைக்கிற கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேர் கீழே வரும்வரை முட்டி மடங்கக் கூடாது. வழியெல்லாம் நடுவர்கள் நிற்பார்கள். சந்தேகம் வந்தால் மஞ்சள் மட்டையைத் தூக்கிக் காட்டி எச்சரிப்பார்கள். தப்பு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் சிவப்பு அட்டையில் எழுதித் தலைமை நடுவருக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று வெவ்வேறு நடுவர்கள் எழுதினால் ஆள் வெளியே. வீடியோவெல்லாம் செல்லாது. வெறும் கண் என்ன பார்த்ததோ அதுதான் தீர்ப்பு.

நாற்பது வருடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரும்புக் கதவும் கம்பியும் ஒட்டிய முட்டி அது. நேராக மாட்டேன் என்று அது சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு அந்த நியாயம் தெரியாது.

மகள் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். முப்பத்துநாலு வயது. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவள். பெரிய பெரிய கட்டடங்களில் நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பவள். ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவார்கள் என்பதால் கனமான வேலை ஷூவோடுதான் வந்திருந்தாள்.

"அப்பா, முன்னாடி உக்காருங்க. காலை நீட்டிக்கலாம்."

"உங்கம்மா?"

"அவங்களுக்குப் பின்னாடி நிறைய இடம் இருக்கு" என்றாள், அம்மாவைப் பார்க்காமல்.

இந்தப் பெண் ஒரு நடைப் போட்டியின் பக்கம் வந்து பதினேழு வருடமாகிறது. அப்போது அவளே நடந்துகொண்டிருந்தாள். இளையோர் இறுதிப் போட்டி, கடைசி வளைவு, முதலிடத்தில் வந்துகொண்டிருந்தவளுக்கு மூன்றாவது சிவப்பு எழுதியது அந்த வளைவில் நின்ற நடுவர். அந்த நடுவர் அவளைப் பெற்றவர்.

அன்றோடு அவள் நடையை விட்டாள். "வீட்டுல ஒருத்தராவது நடக்கணும்" என்று அடுத்த வாரமே வெல்டர் தொப்பையோடு தெருவில் இறங்கினார். தாயும் மகளும் அதன்பிறகு பேசாமல் இல்லை. சாப்பிட்டாயா, மருந்து வாங்கினாயா, மின்சாரக் கட்டணம் கட்டியாச்சா என்று எல்லாம் பேசினார்கள். அந்த வளைவைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

கிடங்குகள் வரிசையாக இருக்கும் நேர் சாலையில் போட்டி. ஞாயிறென்பதால் லாரிகள் இல்லை. ஷட்டர்கள் எல்லாம் இறங்கியிருந்தன. சாலையின் இரண்டு முனையிலும் ஆரஞ்சுக் கூம்புகள், அதைச் சுற்றித் திரும்பித் திரும்பி வர வேண்டும். நடுவில் ஒரு பெரிய பலகை. யாருக்கு எத்தனை சிவப்பு என்று அதில் எல்லோரும் பார்க்கலாம்.

தலைமை நடுவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நேராக டீச்சரிடம் வந்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. ஒரு சொல் போதுமென்றால் இரண்டாவது சொல்லைச் செலவழிக்க மாட்டார்.

"ஒரு நடுவருக்குக் காய்ச்சல். பெரியவங்க போட்டிக்கும் நீங்களே நில்லுங்க. கிழக்குத் திருப்பம்."

"அதுல என் வீட்டுக்காரர் நடக்கிறார்."

"தெரியும்."

"வேலிக்கு ஓணான் சாட்சின்னு நாலு பேரு சொல்வாங்க மேடம்."

"பெத்த பொண்ணுக்கே எழுதினவங்க நீங்க. உங்களைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?"

இரண்டடி தள்ளித் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்த மகளுக்கு அது கேட்டது. அவள் நிமிரவில்லை. ஒரு பாட்டிலை மட்டும் எடுத்து, வைத்த இடத்திலேயே மறுபடி வைத்தாள்.

வெல்டருக்கோ ஒரே குஷி. "நல்லதாப் போச்சு! டீச்சர் முன்னாடி நடந்தா எனக்குக் கால் தானா நேராகும். வீட்டுப் பழக்கம்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருடைய நெடுநாள் போட்டியாளர், பேக்கரி வைத்திருக்கிற ஒல்லி மனிதர், "அப்போ நான் என் வீட்டம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டு கோட்டுக்குப் போனார்கள்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. வெல்டர் கிழக்குத் திருப்பத்துக்கு வரும்போதெல்லாம் டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியைத்தான் பார்த்தார். குதிகால் விழுகிறது, முட்டி நேர், உடம்பு மேலே வருகிறது. சரி. வலியில் அவர் தாடை இறுகுவதும் தெரிந்தது. தாடைக்குச் சட்டம் இல்லை.

பாதிப் போட்டியில் பலகையில் அவர் எண்ணுக்கு நேராக ஒரு சிவப்பு விழுந்தது. மேற்கு முனையில் நின்றவர் எழுதியது. அடுத்த முறை வந்தபோது டீச்சருக்கே சந்தேகம் வந்தது. மஞ்சள் மட்டையைத் தூக்கினார். வெல்டர் தலையாட்டினார், சமையலில் உப்பு குறைவு என்றால் டீச்சர் ஆட்டுவது போல. மனத்தாங்கல் எதுவும் இல்லை.

பிறகு இரண்டாவது சிவப்பு. சாலை நடுவில் நின்றவர் எழுதியது.

சாலையோரத்தில் பேச்சு நின்றது. வெல்டர் அப்போது மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். பேக்கரிக்காரர் பத்தடி பின்னால் நான்காவது. அந்த மனிதர் கொஞ்சம் மெதுவென்றாலும் அவர் எண்ணுக்கு நேராகப் பலகை காலியாக இருந்தது. தண்ணீர் மேசையிலிருந்து மகள் எழுந்து நின்றாள். மேசை டீச்சர் நின்ற இடத்துக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம்.

கடைசி முறையாக வெல்டர் கிழக்குத் திருப்பத்துக்கு வந்தார்.

டீச்சர் பார்த்தார். சந்தேகத்துக்கே இடமில்லை. இடது குதிகால் விழுந்தபோதே முட்டி மடங்கியிருந்தது. அடுத்த அடியிலும் மடங்கியிருந்தது. அதற்கடுத்ததிலும். காலையில் தரைக்கும் முட்டிக்கும் நடுவே பார்த்த அதே இடைவெளியைத் தூக்கிக்கொண்டு அவர் வந்துகொண்டிருந்தார்.

பேனா கையில் இருந்தது. அட்டையும் இருந்தது. எண்ணையும் ஒரு குறியையும் போட வேண்டும், அவ்வளவுதான். எத்தனை பேருக்குப் போட்டிருப்பார்.

அப்போது அவர் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தார். முட்டியை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார். வியர்வை கண்ணில் வழிய, துடைக்கக்கூட நேரமில்லாமல், வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு வயதானவர். எங்க வீட்டு மனுஷர், பாவம், இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று டீச்சருக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. மனசறிந்து முடிவெடுத்தாரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் பார்வை கீழே தார்ச்சாலைக்குப் போயிற்று. அவர் நிமிர்ந்தபோது வெல்டரின் முதுகுதான் தெரிந்தது.

எதிரே மகள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதை டீச்சர் கண்டார்.

வெல்டர் மூன்றாவதாக வந்து முடித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. பேக்கரிக்காரர் நான்காவதாக வந்து, மூச்சு வாங்கியபடியே அவரைக் கட்டிக்கொண்டார்.

நடுவர்களின் நாற்காலிகள் ஒரு கிடங்கின் நிழலில் போடப்பட்டிருந்தன. டீச்சர் கையிலிருந்த நடுவர் பட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மகள் ஐஸ் பையோடு அந்தப் பக்கமாக வந்தவள் நின்றாள்.

"நான் பார்த்தேம்மா."

டீச்சர் பட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கே தெரிஞ்சுது. உனக்குத் தெரியாம இருக்குமா?"

"அப்பாவுக்கு இதுதான் கடைசிப் போட்டி."

"எனக்கும் அதுதாம்மா கடைசிப் போட்டியா ஆச்சு" என்றாள் மகள். குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் டீச்சர் தாங்கியிருப்பார். "சட்டம்னா சட்டம்னு சொன்னே. நானும் சரி, எங்கம்மா அப்படித்தான், யாரா இருந்தாலும் அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டேன். அதை நினைச்சுத்தான் உன்கூட ஒரே மேசையில உக்காந்து சாப்பிட முடிஞ்சுது."

ஐஸ் பையை எடுத்துக்கொண்டு அவள் அப்பா இருந்த பக்கம் போனாள். ஆனால் வெல்டர் அங்கே இல்லை. நொண்டிக்கொண்டே அவர் மனைவியைத் தேடி வந்துகொண்டிருந்தார்.

"உக்காருங்க" என்று டீச்சர் எழுந்து நாற்காலியைத் தள்ளினார்.

அவர் உட்காரவில்லை. ஷட்டரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"கடைசித் தடவை வந்தப்போ நீ என்னைப் பார்த்தே இல்ல?"

"பார்த்தேன்."

"என்ன பார்த்தே?"

"விடுங்களேன். முதல்ல தண்ணி குடிங்க."

"டீச்சர், என்ன பார்த்தேன்னு கேட்டேன்."

"முட்டி மடங்கிச்சு."

"ஏன் எழுதல?"

"முழுசா முடிக்கட்டும்னு நினைச்சேங்க. அவ்ளோ கஷ்டப்பட்டு..."

"நான் முடிக்கல. நீ முடிச்சு வெச்சே." வெல்டர் கோபப்படுகிறவர் இல்லை. இன்றும் கோபப்படவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "மத்த இடத்துல எல்லாம் கால் என்ன பண்ணுதுன்னு எனக்கே தெரியல. உன் இடத்துக்கு வர்றப்போ மட்டும், அவ பார்ப்பா, அவளை ஏமாத்த முடியாதுன்னு உயிரைக் குடுத்து நேராக்கினேன். கடைசியில முடியல. சரி, எழுதிடுவா, கௌரவமா வெளியே போயிடலாம்னு வந்தேன். நீ குனிஞ்சுக்கிட்டே."

"தப்புதாங்க."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீ என்னைத் திட்டியிருக்கே, விரட்டியிருக்கே. ஒரு நாள்கூட ஐயோ பாவம்னு பார்த்ததில்ல. அதனாலதான் நான் இத்தனை வயசுலயும் நிமிர்ந்து நடந்தேன். இன்னிக்குப் பார்த்துட்டே டீச்சர். முட்டி போனப்போகூட எனக்கு வயசானது தெரியல. இப்போ தெரியுது."

டீச்சர் அழுதார். மாணவர்கள் யாரும் பார்த்திராத அழுகை. அவர் எப்போதோ சேர்த்துவைத்தது போல வந்துகொண்டே இருந்தது. வெல்டர் அவர் தோளில் கை வைத்தார், ஆனால் தேறுதல் எதுவும் சொல்லவில்லை.

ஒலிபெருக்கியில் பரிசளிப்பு தொடங்கியது. முதல் இடம், இரண்டாம் இடம். மூன்றாம் இடத்துக்கு வெல்டரைக் கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். "என்ன வெல்டரே, மாலை போட்டு அழைக்கணுமா? போங்க!" என்று பேக்கரிக்காரர் தூரத்திலிருந்து சிரித்துக்கொண்டே கைதட்டினார். வெயிலில் அவர் முகம் கன்றிப் போயிருந்தது. தனக்கு வரவேண்டியது என்ன என்று அந்த மனிதருக்குத் தெரியாது.

வெல்டர் அவரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நீ போறியா? நான் போகட்டுமா?"

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் போகணும்" என்றார்.

நிழலை விட்டு இறங்கி, காலியான சாலையைக் கடந்து தலைமை நடுவரின் மேசைக்கு நடந்தார். போட்டியில் நடந்தவர்கள், அவர்கள் வீட்டார், சிவப்பு எழுதிய நடுவர்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு முன்னால் நின்று, கையிலிருந்த பட்டையைக் கழற்றி வைத்தார்.

"மூணாவது சிவப்பை நான் எழுதியிருக்கணும். பார்த்தேன். எழுதாம விட்டேன்."

தலைமை நடுவர் பட்டையையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்போ எழுத முடியாது. முடிஞ்சது முடிஞ்சதுதான். சட்டம் உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். என் வீட்டுக்காரர் மேடை ஏற மாட்டார். அந்த இடம் பேக்கரிக்காரருடையது. ஏன்னு அவர் சொல்லக் கூடாது, நான்தான் சொல்லணும்."

ஒலிபெருக்கியை யாரோ அணைத்தார்கள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கனமான ஷூ. திரும்பிப் பார்க்காமலே யாரென்று டீச்சருக்குத் தெரிந்தது.

தலைமை நடுவர் ஒரு சொல்லுக்கு மேல் செலவழிக்காதவர் என்று சொன்னேன். இந்த முறை ஒரு கேள்வி செலவழித்தார்.

"இத்தனை வருஷத்துல இன்னிக்கு மட்டும்தானா, டீச்சர்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள், நானும்தான். டீச்சருக்குப் பதினேழு வருடத்துக்கு முந்தைய அந்த வளைவு கண்முன் வந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ, "நடுவர் பொண்ணு, ரெண்டு சிவப்பு வாங்கியாச்சு, மூணாவதை யார் எழுதுவா?" என்று முணுமுணுத்தார்கள். காது சுட்டது. மகள் பாய்ந்து வந்தாள். அந்த முட்டியை அவர் சரியாகப் பார்ப்பதற்குள் கை எழுதி முடித்திருந்தது.

"பார்த்ததை எழுதாம விட்டது இன்னிக்கு மட்டும்தான்" என்றார் டீச்சர். "பார்க்காததை எழுதினது ஒரு தடவை."

பின்னால் வந்துகொண்டிருந்த காலடிச் சத்தம் நின்றுவிட்டது.